சத்தமே இல்லாத இடத்தில் இடி விழுமா?

கேள்வி: நாங்கள் ஐந்து பேர் ஞாயிறுதோறும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பகடைக் கதையாட்டம் ஆடுகிறோம். ஐந்தாம் பதிப்பு, 2014-இல் வந்த புத்தகம். நான்தான் டிஎம், அதாவது ஆட்டத்தை நடத்தித் தீர்ப்புச் சொல்பவர். போன வாரம் காவலுக்கு நின்ற ஓகர் என்ற ராட்சதன் கூச்சல் போட்டு மற்றவர்களை எழுப்பிவிடக் கூடாதென்று எங்கள் கிளெரிக் (பூசாரி பாத்திரம்) அதைச் சுற்றி சத்தத்தை அடக்கும் சைலன்ஸ் மந்திரம் போட்டார். வெளியே நின்ற விஸார்ட் (மந்திரவாதி) பெருஞ்சத்தத்தால் அடிக்கும் ஷாட்டர் வீசினார். டேமேஜ் கிடையாது என்றேன். “காது கேட்காவிட்டால் என்ன, காற்றழுத்தம் அடிக்காதா?” என்று சண்டைக்கு வந்துவிட்டார். பிறகு லைட்னிங் போல்ட் என்ற மின்னல் மந்திரம் விட்டார். அதுவும் இடிதானே என்று தடுத்தேன். பார்ட் (பாணர் பாத்திரம்) வீசிய விஷியஸ் மாக்கரி என்ற வசவு மந்திரத்தை மட்டும் விட்டுவிட்டேன், அது மனதைத் தாக்குவது என்பதால். யார் பக்கம் நியாயம்?
– பெயர் வேண்டாம் என்ற வாசகி

பதில்: ஒன்று சரி, இரண்டு தப்பு. சரியாகச் செய்ததற்கு நீங்கள் திட்டு வாங்கியிருக்கிறீர்கள், தப்புகளை யாரும் கண்டுகொள்ளவில்லை போலிருக்கிறது. டிஎம் வேலையே அப்படித்தான்.

முதலில் ஷாட்டர். உங்கள் விஸார்ட் சொல்வது இயற்பியலில் சரி. ஒலி என்பதே அழுத்த அலைதான், காது இல்லாத சுவரையும் அது அதிரவைக்கும். ஆனால் சைலன்ஸ் காதைப் பொத்துகிற மந்திரம் இல்லை. அந்த 20 அடி ஆர உருண்டைக்குள் ஒலி உண்டாகவும் முடியாது, அதைக் கடந்து போகவும் முடியாது. அலையே இல்லாத இடத்தில் அழுத்தம் எங்கிருந்து வரும்? போதாததற்கு, முழுவதும் உள்ளே இருக்கும் உயிருக்கும் பொருளுக்கும் தண்டர் டேமேஜ் (சத்தத்தின் அடி) படாது என்று ஸ்பெல்லிலேயே எழுதியிருக்கிறது. பாதி டேமேஜ்கூட இல்லை, சுத்தமாக இல்லை.

‘முழுவதும்’ என்ற சொல்லை மட்டும் கவனியுங்கள். ஓகர் பெரிய உருவம், பத்தடிக்குப் பத்தடி இடத்தை அடைத்துக்கொள்ளும். அதன் ஒரு கட்டம் உருண்டைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்திருந்தால் பாதுகாப்பு போச்சு, காதும் கேட்கும். வரைபடத்தை இன்னும் அழிக்கவில்லை என்றால் ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

லைட்னிங் போல்ட் விஷயத்தில் உங்களைக் கவிழ்த்தது தமிழ் என்று நினைக்கிறேன். நாம் ‘இடி விழுந்து தென்னை கருகியது’ என்கிறோம். ‘இடி தாக்கி இருவர் பலி’ என்று பேப்பரில் போடுகிறார்கள். கருக்கியது மின்னல், பழி இடி மேல். இந்த ஆட்டமோ இரண்டையும் கறாராகப் பிரித்து வைத்திருக்கிறது. சத்தத்தின் அதிர்ச்சி தண்டர், மின்சாரம் லைட்னிங். சைலன்ஸ் தடுப்பது முன்னதை மட்டும்தான். மந்திரம் சொன்ன விஸார்ட் வெளியே நின்றதால் வாய்விட்டுச் சொல்வதிலும் தடையில்லை. அந்த ஓகர் சத்தமே இல்லாமல் கருகியிருக்க வேண்டும். ஃபயர்பால் போட்டாலும் அப்படியே.

விஷியஸ் மாக்கரியில் நேர்மாறான கதை. டேமேஜ் வகையைப் பார்த்தீர்கள், அது சைக்கிக், சரி. ஆனால் நீங்கள் ஆடும் 2014 புத்தகத்தில் அந்த வசவு எதிராளியின் காதில் விழுந்தாக வேண்டும். அர்த்தம் புரியாவிட்டாலும் பரவாயில்லை, கேட்க வேண்டும். சைலன்ஸுக்குள் முழுவதும் இருப்பவர் செவிடர். கேட்காத காதில் திட்டி என்ன பயன்? டிஸொனன்ட் விஸ்பர்ஸ் என்ற மந்திரத்திலும் காது முக்கியம், காது கேட்காதவர் சேவ் (தப்பிக்க உருட்டும் பகடை) உருட்டாமலே தேறிவிடுவார், ஆனால் பாதி டேமேஜ் படும். பான்ஷீ என்ற பெண் பேயின் ஓலமும் கேட்பவர்களைத்தான் வீழ்த்தும். அவளோடு மோதப் போகிறவர்களுக்கு இது உயிர்காக்கும் தகவல். அவள் ஓலமிட்டு, ஒருவர் சேவில் கோட்டைவிட்டால் அவர் உயிர்ப்புள்ளி நேராக பூஜ்ஜியம்தான்.

செவிடும் தண்டர் பாதுகாப்பும் ஒன்றில்லை என்பதுதான் இங்கே பலரும் சறுக்குகிற இடம். சைலன்ஸ் இல்லாமல் வெறுமனே காது கேட்காமல் போனவர் தண்டர்வேவ் என்ற ஒலி அலை மந்திரத்தில் முழு அடியும் வாங்குவார். பஞ்சை அடைத்துக்கொண்டாலும் தப்பிக்க முடியாது. சைலன்ஸ் இரண்டையும் சேர்த்துத் தருவதால் குழம்பிப் போகிறோம்.

தண்டர்வேவ் என்றதும் நினைவுக்கு வருகிறது, அடுத்த சண்டை அதில்தான் வரும். சேவ் தவறினால் அது டேமேஜோடு பத்தடி தள்ளியும் விடும். சைலன்ஸ் தடுப்பதாகச் சொல்லும் விளைவு டேமேஜ் மட்டும். அதனால் எழுத்துப்படி பார்த்தால் உள்ளே இருப்பவர் அடிபடாமல் தள்ளப்படுவார். ஒலியே நுழையாத இடத்தில் எது தள்ளும் என்று கேட்டால் அதுவும் நியாயமான கேள்விதான். நான் தள்ளவிடுவேன், மேஜையில் சிரிப்பாவது கிடைக்கும். நீங்கள் தடுத்தாலும் தப்பில்லை, ஆனால் ஆட்டம் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று. உருண்டை நகராது. 1978-இல் வந்த பழைய கையேட்டில் இதே ஸ்பெல் 15 அடி ஆரத்தில் இருந்தது, ஆள் மேலேயே போடலாம், அவரோடு சேர்ந்து நகரும். பழைய ஆட்டக்காரர் யாராவது உங்கள் மேஜையில் இருந்தால் அந்தப் பழக்கத்தில் வாதாடுவார். 2014-இல் ஓர் இடத்தில்தான் போட முடியும். உங்கள் ஓகர் இரண்டெட்டு வைத்து வெளியே வந்து கத்தியிருக்கலாம். அதை ஏன் செய்யவைக்கவில்லை?

எங்கள் மேஜையில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். கிளெரிக் தானே போட்ட சைலன்ஸுக்குள் நிற்கிறார், காலடியில் நண்பர் செத்துக்கொண்டிருக்கிறார். ஹீலிங் வேர்டு என்ற குணமாக்கும் மந்திரத்துக்கு வாய் திறந்தாக வேண்டும், முடியவில்லை. பத்து நிமிடம் விவாதித்தோம். மூட்டையில் மருந்துக் குப்பி இருக்கிறதா, வெளியே இழுத்துப்போக முடியுமா என்றெல்லாம் யோசித்தோம். மந்திரத்தின் மேல் வைத்திருக்கும் கவனத்தை விட்டாலே சைலன்ஸ் கலைந்துவிடும், அதற்கு ஒரு சொல்லும் வேண்டாம் என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை. கடைசியில் குப்பிதான் காப்பாற்றியது.

இனி செய்ய வேண்டியது: சண்டையை மறுபடி ஆடாதீர்கள். விஷியஸ் மாக்கரி உங்கள் லெவலில் இரண்டு நாலுமுகப் பகடை, அதிகம் போனால் 8, அதை மறந்துவிடலாம். லைட்னிங் போல்ட் எட்டு ஆறுமுகப் பகடை, சராசரி 28. ஓகருக்கு இருப்பதே 59 உயிர்ப்புள்ளி. இது சின்ன விஷயமில்லை. அதற்குச் செலவான மூன்றாம் லெவல் ஸ்லாட்டை (மந்திரம் போடும் ஒரு வாய்ப்பை) விஸார்டுக்குத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஷாட்டருக்குச் செலவழித்ததைக் கேட்டால் கொடுக்காதீர்கள்.