மகளின் ஜப்பானியப் படிப்பை நிறுத்த வேண்டுமா?

கேள்வி: காவேரிப்பட்டணத்தில் இருக்கிறோம். ஓசூரில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை, பிடித்தம் போக மாதம் 36,000 ரூபாய் கைக்கு வருகிறது. மகள் தில்லி ஜேஎன்யூவில் பி.ஏ. ஆனர்ஸ் ஜப்பானியம், இரண்டாம் ஆண்டு முடிக்கப்போகிறாள். டிசம்பரில் ஜப்பானிய மொழித் தேர்வில் என்-4 நிலையை பாஸ் பண்ணிவிட்டாள். வீட்டு நகை 14 சவரனும் அடகில் இருக்கிறது, கடன் 5,60,000. "படிப்பை நிறுத்து, ஏஜென்சிக்கு நான்கு லட்சம் கட்டினால் ஆறே மாதத்தில் ஜப்பானில் முதியோர் பராமரிப்பு வேலை, மாதம் ஒன்றரை லட்சம்" என்கிறார் என் மச்சினன். நகையின் மேல் இன்னும் கொஞ்சம் வாங்கி, மீதிக்கு பர்சனல் லோன் போடலாமா? வங்கியில் ஜப்பான் பங்குகளில் போடும் ஃபண்டும், காப்பீடும் முதலீடும் சேர்ந்த யூலிப் ஒன்றும் எடுக்கச் சொல்கிறார்கள்.

பதில்: கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய அடகுச் சீட்டு நகல்களை வரிசையாக வைத்துப் பார்த்தேன். வங்கிச் சீட்டில் மூன்று வருடமாக அதே எட்டு சவரன், அதே எடை. கடன் மட்டும் 1,40,000, அப்புறம் 2,10,000, இப்போது 3,00,000. தங்கம் விலை ஏறும்போதெல்லாம் நகையைத் திருப்பி, கூடுதல் தொகைக்கு மறுபடி அடகு வைத்திருக்கிறீர்கள். மொத்தக் கடன் 5,60,000-ம் எங்கே போனது என்று ஓரத்தில் பென்சிலால் எழுதியும் வைத்திருக்கிறீர்கள், அதற்கு நன்றி. மகளின் லேப்டாப்புக்கும் முதல் பயணத்துக்கும் 80,000. மீதி 4,80,000-ம் மச்சினனின் மாந்தோப்புக் குத்தகைக்கு.

வட்டியைப் போட்டுப் பார்ப்போம். வங்கியில் 3 லட்சத்துக்கு ஒன்பதரை சதவீதம் என்றால் வருடம் 28,500. தனியார் ஃபைனான்ஸில் ஆறு சவரன் மேல் 2,60,000, மாதம் ஒன்றரை வட்டி, அதாவது வருடம் 46,800. ஆக 75,300. மகளுக்கு? மாதம் 5,500 அனுப்புகிறீர்கள், 66,000. ரயிலுக்கும் தேர்வுக்கும் 9,000. மொத்தம் 75,000. மூன்று வருடம் வட்டி கட்டியும் அசலில் ஒரு ரூபாய் குறையவில்லை. அந்தப் பெண்ணின் செலவோ இன்னும் ஒரு வருடத்தில் தானாக நிற்கும். நிறுத்த வேண்டியது எது என்று இதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

சரி, ஏஜென்சி. முதியோர் பராமரிப்பு வேலையை நான் குறைத்துப் பேசவில்லை. 2019-ல் ஜப்பான் கொண்டுவந்த குறிப்பிட்ட திறன் பணியாளர் விசாவில் அது முறையான வழிதான். அதற்கு என்-4 அல்லது ஜேஎஃப்டி பேசிக் என்ற இன்னொரு மொழித் தேர்வு, அதோடு ஒரு திறன் தேர்வு, பராமரிப்புத் துறைக்கான தனி மொழித் தேர்வு வேண்டும். இதில் முதல் மொழித் தேர்வை உங்கள் மகள் ஏற்கெனவே முடித்துவிட்டாள்! கையில் இருப்பதையே நான்கு லட்சம் கொடுத்து மறுபடி வாங்கச் சொல்கிறார்கள். அந்த விசாவின் முதல் நிலையில் மொத்தம் ஐந்து வருடம்தான் தங்கலாம், குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது. ஒன்றரை லட்சம் என்று சொன்னவரிடம் வரி, காப்பீடு, அறை வாடகை போக எவ்வளவு நிற்கும் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். தரமாட்டார்.

இன்னொன்று. மொழிபெயர்ப்பு, அலுவலக வேலை, ஐ.டி. போன்றவற்றுக்கு ஜப்பான் தரும் விசாவுக்குப் பெரும்பாலும் பட்டம் கேட்பார்கள். பட்டம் இல்லையென்றால் வருடக்கணக்கில் அனுபவம் காட்ட வேண்டும். இரண்டாம் ஆண்டோடு நிறுத்தினால் அந்தக் கதவு சாத்திக்கொள்ளும்.

என்-4 என்பது தொடக்க நிலைதான்; எண் குறையக் குறையத் தேர்வு கடினமாகும். அதற்குக் கிட்டத்தட்ட 300 கான்ஜி, அதாவது சீனாவிலிருந்து வந்த சித்திர எழுத்துகள், தெரிந்திருக்க வேண்டும். என்-2-க்கு ஆயிரம் வேண்டும், என்-1-க்கு ஏறக்குறைய இரண்டாயிரம். அலுவலக வேலைக்கு ஆள் எடுக்கிறவர்கள் சாதாரணமாகக் கேட்பது என்-2. பலரும் பாதியில் விட்டுவிடுவது இந்த என்-4-க்கும் என்-2-க்கும் நடுவில்தான். வெளியே பயிற்சிக்குப் போனால் காசு கரைவதும் அங்கேதான். உங்கள் மகளுக்கு அதைப் பல்கலைக்கழகம் சொற்பக் கட்டணத்தில் சொல்லிக்கொடுக்கிறது. தேர்வு ஜூலையிலும் டிசம்பரிலும் தில்லியிலேயே நடக்கிறது. ஒரு தடவை தவறினால் ஆறு மாதம் கழித்து எழுதலாம்; இதற்கெல்லாம் நகை வேண்டாம். ஜப்பானியம் படிக்கும் இளங்கலை மாணவர்களுக்கென்றே ஜப்பான் அரசு மெக்ஸ்ட் உதவித்தொகை தருகிறது. ஏறக்குறைய ஒரு வருடம் அங்குள்ள பல்கலைக்கழகத்தில் படிக்கலாம், கட்டணம் இல்லை, விமானச் செலவு அவர்களுடையது, மாதம் 1,17,000 யென். நம் காசில் 60 ஆயிரத்துக்கு மேல். போட்டி கடுமைதான், ஆனால் விண்ணப்பிக்கப் பணம் கேட்பதில்லை. ஜப்பான் தூதரகத்தின் அறிவிப்பை அவள் விடாமல் பார்க்கட்டும்.

ஃபண்டும் யூலிப்பும் பற்றி: மகள் ஜப்பானியம் படிப்பதற்கும் ஜப்பான் பங்குச் சந்தைக்கும் என்ன சம்பந்தம்? பதினெட்டு சதவீத வட்டிக்குக் கடன் வைத்துக்கொண்டு ஐந்து வருடம் பணத்தைப் பூட்டிவைக்கும் யூலிப்பில் போடச் சொல்பவர் உங்கள் கணக்கைப் பார்க்கவில்லை, தன் டார்கெட்டைப் பார்க்கிறார்.

நகையை விற்பது பற்றி வீட்டில் பேச்செடுக்கவே முடியாது என்று எழுதியிருக்கிறீர்கள். புரிகிறது. ஆனாலும் ஃபைனான்ஸில் இருக்கும் ஆறில் மூன்று சவரனை விற்றால், இன்றைய விலைக்கு, கழிவு போக அந்த 2,60,000 அடைந்துவிடும். மற்ற மூன்றும் வீட்டுக்கு வரும். இல்லையென்றால், உங்கள் நகையை அவர்கள் பெட்டியில் வைக்க வருடம் 46,800 வாடகை கட்டிக்கொண்டே இருப்பீர்கள். மிச்சமாகும் 3,900-ஐ மாதாமாதம் வங்கிக் கடனில் சேர்த்துக் கட்டினால் ஐந்து வருடத்தில் அதுவும் முடியும்.

மச்சினனிடம் பேச வேண்டியது நீங்கள் இல்லை, உங்கள் மனைவி. அக்கா சொன்னால் கோபம் ஒரு வாரத்தில் ஆறும். மாமா சொன்னால் கல்யாண வீடு வரைக்கும் வரும். குத்தகைக்காரருக்குப் பயிர்க்கடன் கிடைப்பது கஷ்டம் என்பதும், பெங்களூரா மாங்காய் விலை படுத்தால் தோப்பு எடுத்தவர் கதி என்ன என்பதும் எனக்குத் தெரியும். அதற்காக அசலை உடனே கேட்க வேண்டாம். அவர் பங்குக்கு வருகிற வட்டி மாதம் சுமார் 5,400. இந்த சீசனில் மாம்பழக் கூழ் ஃபேக்டரியிலிருந்து பணம் வந்ததும் முதலில் ஒரு வருட வட்டியைக் கொடுக்கட்டும். 4,80,000-க்கு ஒரு புரோநோட்டும் எழுதி வாங்குங்கள். அடுத்த குத்தகைக்கு உங்கள் வீட்டு நகை கிடையாது என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

ஃபைனான்ஸுக்குப் போகும்போது மனைவியையும் கூட்டிக்கொண்டு காலையிலேயே போங்கள். அன்றைய தேதிக்கு அசல், வட்டி, அபராதம் என்று பிரித்து எழுதிய கணக்கை முதலில் வாங்குங்கள். நகையைக் கையில் வாங்கி, உங்கள் கண்முன் எடை போட்டு, சீட்டில் உள்ள எடையோடு ஒத்துப்போன பிறகு கையெழுத்துப் போடுங்கள்.