வாசகர் கேள்வி: பழைய எஸ்எஸ்டியைக் கழற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: நாகர்கோவிலில் பொறியியல் படிக்கும் என் மகனின் கேமிங் லேப்டாப்பில் 512 ஜிபி எஸ்எஸ்டி (கோப்புகளைச் சேமிக்கும் பாகம்) நிறைந்துவிட்டது. அதைக் கழற்றிவிட்டு 1 டிபி ஜென் 4 எஸ்எஸ்டி போட்டால் வேகமும் கூடும் என்று கடையில் சொல்கிறார்கள். செய்யலாமா? வீட்டிலேயே மாற்ற முடியுமா?
– வாசகர், குளச்சல்

பதில்: முதலில் அந்த லேப்டாப்பில் இரண்டாவது எம்.2 ஸ்லாட் (எஸ்எஸ்டியைச் செருகும் இடம்) காலியாக இருக்கிறதா என்று பாருங்கள். கேமிங் லேப்டாப்புகள் பலவற்றில் அது உண்டு. அடிப்பக்கத்தில் உள்ள மாடல் எண்ணைக் கொண்டு தயாரிப்பாளரின் இணையதளத்தில் சர்வீஸ் மேனுவலைத் தேடினால், எத்தனை ஸ்லாட், அவை வேகமான என்விஎம்இ வகையை ஏற்குமா, வேகம் குறைந்த பழைய சாட்டா வகையை மட்டும் ஏற்குமா, வழக்கமான 80 மில்லிமீட்டர் நீளத்துக்கு இடமிருக்கிறதா என்பதெல்லாம் தெரிந்துவிடும். ஸ்லாட் காலியாக இருந்தால் பழையதைத் தொடவே வேண்டாம். விண்டோஸும் கல்லூரி வேலைகளும் இருந்த இடத்திலேயே இருக்க, புதியதைப் பொருத்திக் கேம்களை மட்டும் அதற்கு மாற்றிக்கொள்ளலாம். ஒரே ஸ்லாட்தான் என்றால், புதியதை என்விஎம்இ யுஎஸ்பி என்குளோசரில் (யுஎஸ்பியில் இணைக்கும் வெளிப்பெட்டி) வைத்து, பழையதில் உள்ளதை அப்படியே அதற்குக் குளோன் (நகல்) செய்துவிட்டுத்தான் பழையதைக் கழற்ற வேண்டும்.

வேகத்தைப் பொறுத்தவரை கடைக்காரர் சொல்வது பாதி உண்மை. ஜென் என்பது தலைமுறை. ஜென் 4 எஸ்எஸ்டி, அதற்கு முந்தைய ஜென் 3 ஸ்லாட்டிலும் வேலை செய்யும்; ஆனால் நொடிக்குச் சுமார் 3,500 எம்பியைத் தாண்டாது. ஸ்லாட்டும் ஜென் 4 ஆகவே இருந்தாலும், பெட்டியின்மேல் 7,000 எம்பி என்று அச்சிட்டிருப்பதால் கேம் பாதி நேரத்தில் திறந்துவிடாது. பெரும்பாலான கேம்களில் வித்தியாசம் சில நொடிகளே. ஜென் 4-க்காகும் கூடுதல் பணத்தை அதிகக் கொள்ளளவுக்கோ, கியூஎல்சிக்குப் பதிலாக அதைவிட நீடித்து உழைக்கும் டிஎல்சி வகைக்கோ கொடுப்பதே நல்லது என்பேன். தடித்த ஹீட்சிங்க் (வெப்பத்தை வெளியேற்றும் உலோகத் தகடு) ஒட்டியதை வாங்கிவிடாதீர்கள். லேப்டாப்பின் அடிமூடி அதன்மேல் பொருந்தாது.

வீட்டிலேயே மாற்றலாம், ஆனால் அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. விண்டோஸ் 11 உள்ள பல லேப்டாப்புகளில் பிட்லாக்கர் குறியாக்கம் (கோப்புகளைப் பூட்டிவைக்கும் வசதி), நாம் கேட்காமலே இயங்கிக்கொண்டிருக்கும். பாகத்தை மாற்றியபின் அது 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கக்கூடும். மகனின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது இருக்கும். தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முக்கியமான கோப்புகளுக்கு வேறிடத்தில் நகல் இருக்கட்டும். அடிமூடியைத் திறப்பது வாரண்டியைப் பாதிக்குமா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

லேப்டாப்பை முழுமையாக அணைத்து, சார்ஜரை நீக்கி, மூடியைத் திறந்தவுடன் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டுத்தான் மற்றவற்றில் கை வைக்க வேண்டும். குளச்சலின் உப்புக்காற்றில் அடிமூடித் திருகாணிகள் துருவேறியிருக்கலாம். அளவு பொருந்தாத திருப்புளியால் அழுத்தினால் அவற்றின் தலை மழுங்கிவிடும், பிறகு கடைதான் கதி. எஸ்எஸ்டியைச் சாய்வாகச் செருகி, மெதுவாகப் படுக்க வைத்துத் திருகாணியிட்டால் போதும்.

கூடுதலாகப் பொருத்திய எஸ்எஸ்டி ஃபைல் எக்ஸ்புளோரரில் தெரியவில்லையே என்று பலர் பதறிக் கடைக்கு ஓடுகிறார்கள். விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் ஜிபிடி என்னும் பகிர்வு முறையில் அதைத் தயார்செய்து ஃபார்மட் செய்தால்தான் அது தோன்றும். 1 டிபி வாங்கியதற்கு 931 ஜிபி என்று காட்டுவது கணக்கிடும் முறையிலுள்ள வேறுபாடுதான். குறைத்துக் கொடுத்துவிட்டதாகக் கடைக்காரரைச் சந்தேகிக்க வேண்டியதில்லை.