கல்லீரலில் வைரஸ் தங்கிவிட்டால் எதிர்ப்பு சக்தி இல்லை என்று அர்த்தமா?

கேள்வி: வயது 34. கோத்தகிரி பக்கம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறேன். முகாமில் ரத்தம் கொடுத்தபோது ஹெபடைட்டிஸ் பி இருப்பதாகச் சொன்னார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தும் போகவில்லை. தொந்தரவு எதுவும் இல்லை. ஆனால் வீட்டில் எனக்குத் தனித் தட்டு வைத்துவிட்டார்கள். போன மழையில் அம்மாவுக்கு அக்கி வந்தது. எங்கள் குடும்பத்துக்கே எதிர்ப்பு சக்தி கம்மியா? கீழாநெல்லி குடித்தால் சரியாகுமா?

பதில்: முதலில் அந்தத் தனித் தட்டை எடுத்து உள்ளே வைக்கச் சொல்லுங்கள். ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ, குழந்தையைக் கட்டிப்பிடிப்பதாலோ இது பரவாது. ரத்தம், உடலுறவு, பிரசவத்தில் தாயிடமிருந்து குழந்தைக்கு, இவைதான் முக்கியமான வழிகள். பிளேடு, டூத் பிரஷ் மட்டும் தனியாக இருக்கட்டும்.

உங்களுக்கு எதிர்ப்பு சக்தி கம்மி இல்லை. பெரியவர்களாகி இந்த வைரஸ் தொற்றினால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேரின் உடம்பு தானே விரட்டிவிடும். பிறக்கும்போதே தொற்றினால் ஏறக்குறைய 90 சதவீதம் குழந்தைகளுக்கு அது தங்கிவிடுகிறது, ஏனென்றால் அந்த வயதில் எதிர்ப்பணுக்கள் அதை எதிரி என்று பிரித்துப் பார்க்கும் அளவுக்குத் தேறியிருக்காது. உங்களுக்கும் அப்படி வந்திருக்கலாம். நீங்கள் பிறந்த காலத்தில் இதற்கான தடுப்பூசி அரசு அட்டவணையில் கிடையாது.

வைரஸ் தங்கிய இடமும் ஒரு காரணம். குடலிலிருந்து கிளம்பும் ரத்தம் சாப்பாட்டுப் புரதங்களையும் பாக்டீரியாத் துணுக்குகளையும் சுமந்துகொண்டு முதலில் கல்லீரலுக்குத்தான் வருகிறது, இதில் வரும் ஒவ்வொன்றோடும் சண்டை பிடித்தால் கல்லீரல் தாங்காது, அதனால் அங்கே எதிர்ப்பணுக்கள் இயல்பாகவே பொறுத்துப் போகும். பி வைரஸுக்கு அது வசதி. கல்லீரல் செல்லின் உட்கருவுக்குள் நுழைந்து தன் டிஎன்ஏவை வளையமாக்கி உட்கார்ந்துகொள்கிறது. அப்புறம், பலரும் கவனிக்காத ஒன்று: இந்த வைரஸ் பெரும்பாலும் நேரடியாகச் செல்லைக் கொல்வதில்லை. வைரஸ் புகுந்த செல்லை நம்முடைய டி அணுக்கள் (எதிர்ப்பணுக்களில் ஒரு வகை) கொல்லும்போதுதான் எஸ்ஜிபிடி, அதாவது கல்லீரல் சேதத்தை ரத்தத்தில் காட்டும் அளவு, ஏறுகிறது, கண் மஞ்சளாகிறது. வருடக்கணக்கில் அதே வைரஸ் புரதத்தைப் பார்த்துப் பார்த்து அந்த டி அணுக்கள் ஓய்ந்துபோய், பிடி-1 என்ற தடையைத் தங்கள் மேல் ஏற்றிக்கொள்கின்றன. அந்தத் தடை இல்லாவிட்டால் வைரஸோடு கல்லீரலும் சேர்ந்து அழியும் ஆபத்து உண்டு.

அம்மாவின் அக்கி வேறு கதை. சின்ன வயதில் வந்த சின்னம்மையின் வைரஸ் முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சில் ஒளிந்திருந்தது. நரம்புச் செல்லைக் கொன்றால் பதிலுக்குப் புதிது முளைக்காது. ஆகவே அங்கே டி அணுக்கள் பெரும்பாலும் கொல்லாமல் பக்கத்திலேயே காவல் இருந்து, இன்டர்ஃபெரான் போன்ற பொருள்களைச் சுரந்து வைரஸை அடக்கி வைக்கின்றன. வயதாகும்போது காவல் தளர்ந்தால் கொப்புளம் கிளம்பும். அக்கிக்குக் காவி எழுதிக் காத்திருக்காமல் மூன்று நாளுக்குள் வைரஸ் மாத்திரை தொடங்கினால் நல்ல பலன் உண்டு. இனி யாருக்கு வந்தாலும் நினைவில் வையுங்கள்.

கீழாநெல்லிக்கு வருகிறேன். 1988-ல் சென்னை ஆய்வாளர்கள் அதில் பலன் இருப்பதாக லான்செட் இதழில் எழுதினார்கள், பிற இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் உறுதியாகவில்லை. அதை நம்பிப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். எஸ்ஜிபிடி, வைரஸின் அளவு, ஹெச்பிஇஏஜி (வைரஸ் மும்முரமாகப் பெருகுகிறதா என்று காட்டும் ரத்தப் பரிசோதனை), ஸ்கேன் ஆகியவற்றைப் பார்த்துத்தான் மாத்திரை இப்போதே வேண்டுமா என்று முடிவாகும். டெனோஃபோவிர், என்டெகாவிர் இரண்டும் வைரஸ் பெருகுவதை நன்றாகக் கட்டுப்படுத்தும், ஆனால் உட்கருவில் இருக்கும் வளையத்தை அழிக்காது. அதனால் ஆரம்பித்தால் நீங்களாக நிறுத்தக் கூடாது. 2018-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் இதற்கான பரிசோதனையும் மருந்தும் இலவசம், ஊட்டி அரசு மருத்துவமனையில் கேளுங்கள். மாத்திரை தேவைப்படாவிட்டாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். மூட்டுவலி, வீசிங் என்று யாராவது ஸ்டீராய்டு எழுதினால் "எனக்கு ஹெபடைட்டிஸ் பி இருக்கிறது" என்று கட்டாயம் சொல்லுங்கள், எதிர்ப்பணுக்களை அது அமுக்கினால் அடங்கியிருந்த வைரஸ் திடீரென்று பெருகும். சாராயம் வேண்டவே வேண்டாம்.

வீட்டுக்காரருக்கும் பிள்ளைகளுக்கும் ரத்தம் பார்த்து, தொற்று இல்லாதவர்களுக்குத் தடுப்பூசி போடுங்கள். இனி கர்ப்பமானால் முதல் மாதமே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், பிறந்த 24 மணி நேரத்துக்குள் குழந்தைக்குத் தடுப்பூசியும் இம்யூனோகுளோபுலினும் போட வேண்டும். அம்மாவுக்கும் கூடப்பிறந்தவர்களுக்கும்கூட ஒரு தடவை ஹெச்பிஎஸ்ஏஜி (இந்தத் தொற்று இருக்கிறதா என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்த்துவிடுங்கள்.