பெட்டியோடு வந்த போல்ட்டை நம்பலாமா?

கேள்வி: என்னிடம் ஒரு சிட்டி கோல்ஃப் கார் இருக்கிறது. போன மாதம் அதற்கு ஒரு பிராஞ்ச் (எஞ்சினிலிருந்து எக்ஸாஸ்ட் புகையை வெளியே எடுத்துச் செல்லும் குழாய்த் தொகுப்பு) வாங்கி ஒரு கடையில் மாட்டினேன். இரண்டே வாரத்தில், காலையில் வண்டியைக் கிளப்பியதும் 'டிக் டிக்' என்று சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டது, சூடேறியதும் நின்றுவிடுகிறது. பழைய ஸ்டட்டுகளை (ஒரு முனை எஞ்சினில் இறங்கி, மறுமுனையில் நட்டு ஏறும் தலையில்லாத திருகுகள்) கழற்றிவிட்டு, பெட்டியோடு வந்த மஞ்சள் போல்ட்டுகளைப் போட்டிருக்கிறார்கள். போல்ட் கடைக்காரர் 12.9 என்ற வலிமை எண்ணுள்ள அலன் போல்ட் (தலையில் அறுகோணக் குழி உள்ளது) வாங்கச் சொல்கிறார். என் மச்சான் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான் சரி என்கிறார். மாட்டிய கடையோ போல்ட்டுக்குப் பொறுப்பேற்க மறுக்கிறது. நான் எதை வாங்குவது?
- வாசகர், சாட்ஸ்வர்த், டர்பன்

பதில்: குளிர்ந்த எஞ்சினில் கேட்டு, சூட்டில் மறையும் சத்தம் பெரும்பாலும் கேஸ்கட் (பிராஞ்சுக்கும் எஞ்சினுக்கும் நடுவே கசிவை அடைக்கும் தகடு) வழியே புகை கசியும் சத்தம்தான். உலோகம் விரிந்ததும் இடைவெளி தானாக அடைபடுகிறது. போல்ட் தளர்ந்திருக்கலாம் என்று பொருள். அப்படியே ஓட்டினால் கேஸ்கட் கருகிப்போகும்.

மஞ்சள் நிறம் துத்தநாகப் பூச்சு. கதவுக்கும் பம்பருக்கும் அது போதும். துத்தநாகம் சுமார் 420 டிகிரியில் உருகும். அதற்கு வெகு முன்பே அந்த மஞ்சள் படலம் வெந்து காக்கும் திறனை இழந்துவிடும். பிறகு டர்பனின் கடற்காற்று மிச்ச வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

12.9 என்ற எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள். போல்ட்டின் தலையில் உள்ள எண் சாதாரண அறை வெப்பத்தில் அளந்த வலிமை; எக்ஸாஸ்ட் சூட்டில் அது எவ்வளவு நிற்கும் என்பதை அந்த எண் சொல்லாது. அலுமினிய சிலிண்டர் ஹெட்டில் (பிராஞ்ச் மாட்டப்படும் எஞ்சினின் மேல்பகுதி) முதலில் தோற்பது ஹெட்டில் உள்ள மரைதான். அதைவிடப் பலமடங்கு வலுவான போல்ட்டை வாங்கி என்ன பயன்? போதாக்குறைக்கு, அவ்வளவு கடினமான எஃகுக்குப் பூச்சு ஏற்றும்போது சரியாகப் பக்குவம் செய்யாவிட்டால், இறுக்கிய சில நாளில் தானே முறிந்துபோகலாம்.

உங்கள் மச்சான் சொன்னதில் பாதி சரி. ஸ்டெயின்லெஸ் துருவைத் தாங்கும். ஆனால் சாதாரண எஃகைவிடச் சூட்டில் அதிகம் விரியும், அதனால் பிடி தளரும். ஸ்டெயின்லெஸ் ஸ்டட்டில் ஸ்டெயின்லெஸ் நட்டை ஏற்றினால் இரண்டும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு, பிறகு கழற்றவே விடாது. இதில் பட்டுத் தெரிந்துகொண்டவன் நான். ஒரு ஸ்டட்டை வெட்டி எடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் போயிற்று.

என் தேர்வு, தொழிற்சாலையில் போட்டதைப் போலவே எஃகு ஸ்டட், அதன்மேல் செம்புப் பூச்சுள்ள நட்டு. ஸ்டட் ஹெட்டிலேயே நின்றுவிடும். ஒவ்வொரு முறை கழற்றும்போதும் தேய்வது நட்டின் மரைதானே தவிர அலுமினியம் அல்ல. நைலான் வளையம் வைத்த நட்டு வேண்டவே வேண்டாம், நைலான் உருகிவிடும். சுருள் வாஷரும் சூட்டில் தன் விறைப்பை இழக்கும்.

நீளத்தைக் கடையில் கண்ணால் மதிப்பிடாதீர்கள். அலுமினியத்தில் மரை, விட்டத்தின் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு வரை இறங்க வேண்டும். எட்டு மில்லிமீட்டர் ஸ்டட் என்றால் 12 முதல் 16 மி.மீ. எஞ்சினோடு ஒட்டும் பிராஞ்சின் தகடு பழைய மேனிஃபோல்டின் (தொழிற்சாலையில் போட்ட எக்ஸாஸ்ட் குழாய்த் தொகுப்பு) தடிமனில் இருக்காது என்பதால் தகடு, கேஸ்கட், வாஷர், நட்டு எல்லாவற்றையும் அளந்து, அதோடு இதைக் கூட்டுங்கள். போல்ட்டுதான் போடுவதென்றால் துளையின் ஆழத்தையும் பாருங்கள். அடி தட்டினால் இறுகியது போலத் தோன்றும், ஆனால் தகட்டைப் பிடிக்காது. குழாய்க்கு ஒட்டி ஸ்பேனர் நுழையாத இடத்தில் சிறிய தலையுள்ளதாகக் கேட்டு வாங்குங்கள்.

மரையில் நிக்கல் கலந்த ஒட்டாப் பசை கொஞ்சம் தடவலாம். அது வழுக்கும், எனவே உலர்ந்த மரைக்காகக் கையேடு சொல்லும் முறுக்கு அளவைக் குறைக்காமல் இறுக்கினால் மரை பிய்த்துக்கொள்ளும். நாலைந்து முறை எஞ்சின் சூடாகி ஆறிய பின், குளிர்ந்த நிலையில் மறுபடி சரிபாருங்கள்.

இனி அந்தக் கடை. தென்னாப்பிரிக்காவின் 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளை ஆறு மாதத்துக்குள் திருப்பலாம். பழுதுநீக்கமா, மாற்றுப் பொருளா, பணமா என்று தேர்வு செய்வது நீங்கள். வேலை தரமாக இல்லையென்றாலும் சரிசெய்து தரவோ, பணத்தில் நியாயமான பகுதியைத் திருப்பவோ கேட்கலாம். போல்ட்டை மாட்டியதே அவர்கள்தான், பிறகென்ன பொறுப்பில்லை? ஆனால் நீங்களாகக் கழற்றி மாற்றிவிட்டு அங்கே போனால் உங்கள் பக்கம் பலவீனமாகும். முதலில் சத்தத்தைப் பதிவுசெய்து, எழுத்தில் புகார் கொடுங்கள். மசியாவிட்டால் தென்னாப்பிரிக்க மோட்டார் தொழில்துறை குறைதீர்ப்பாளரிடம் போகலாம்; கடைக்கு எழுதிய கடிதத்தையும் ரசீதையும் அங்கே கேட்பார்கள்.

கேள்வி: எக்ஸாஸ்ட்டைக் கழற்றி மாட்டும்போது பழைய நட்டுகளையே மறுபடி போடலாமா?
- வாசகர், ஃபீனிக்ஸ், டர்பன்

பதில்: வேண்டாம். எக்ஸாஸ்ட் வேலையில் மிக மலிவான பொருள் அதுதான். பழைய பிராஞ்சையோ மேனிஃபோல்டையோ மட்டும் எறிந்துவிடாதீர்கள், வண்டியை விற்கும்போது வாங்குபவர் கேட்கலாம்.