நண்பர் திடீரென்று தெளிவாகிவிட்டார் என்று நிம்மதி அடையலாமா?

வணக்கம். வேலை போனதிலிருந்து முடங்கிக் கிடந்த நண்பர் இந்த வாரம் திடீரென்று கலகலப்பாகிவிட்டார், உயிராய் வைத்திருந்த கேமராவை உங்களிடமே கொடுத்துவிட்டு "இனி என்னால யாருக்கும் தொல்லை இல்ல" என்றார், அவர் தேறிவிட்டாரா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் அப்படி எடுத்துக்கொள்ள மாட்டேன்.

நீண்ட சோர்வுக்குப் பின் காரணம் தெரியாமல் வரும் அமைதி, சிலரிடம் தற்கொலை செய்துகொள்ள முடிவெடுத்துவிட்டதன் அறிகுறி. பிடித்த பொருளைக் கொடுப்பதும் தன்னைப் பாரமென்று பேசுவதும் அதோடு சேர்ந்தால் காத்திருக்கக் கூடாது. முன்பு ஒருமுறை தற்கொலைக்கு முயன்றவர் என்று போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்களே, எனக்குப் பெரிய கவலையே அதுதான். ஆபத்தைக் கூட்டும் காரணங்களில் அது முக்கியமானது. குடியும் தூக்கமின்மையும் சேர்ந்தால் இன்னும் மோசம்.

கேட்டால் நாமே அந்த எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்று பயப்படாதீர்கள், அப்படி ஆவதில்லை. இன்றே நேரில் போய், சுற்றி வளைக்காமல், "தற்கொலை பண்ணிக்கணும்னு நினைக்கிறியா?" என்று கேளுங்கள். அப்புறம் அவரைப் பேசவிடுங்கள். "குடும்பத்தை நினைச்சுப் பாரு" என்கிற அறிவுரையெல்லாம் வேண்டாம், குற்ற உணர்வுதான் கூடும்.

ஆமாம் என்றால் தனியே விடாதீர்கள். உயிருக்கு ஆபத்தானவற்றை அவர் கைக்கு எட்டாமல் அகற்றுங்கள். உச்சத்தில் இருக்கும் உந்துதல் பெரும்பாலும் கொஞ்ச நேரத்தில் தணியும், அந்த நேரத்தைக் கடத்துவதுதான் முக்கியம். உடனே தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணை அழையுங்கள், அல்லது மருத்துவமனை அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். யாரிடமும் சொல்லாதே என்று சத்தியம் கேட்டால் செய்து கொடுக்காதீர்கள். மழுப்பினாலும் சரி, மனநல மருத்துவரிடம் நேரம் வாங்கி நீங்களே உடன் போங்கள்.