பாஸ்போர்ட் புதுசு, ஈ-வீசா பழசில்

பாஸ்போர்ட் மாறியதால் பிரித்தானிய வீசாவைத் திரும்பப் போட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தேவையில்லை. புதிய பாஸ்போர்ட்டை யூகேவிஐ (பிரித்தானிய வீசா, குடிவரவுப் பிரிவு) இணையக் கணக்கில் சேர்த்தால் போதும். ஹட்டனுக்கு லீவில் வந்து பாஸ்போர்ட் மாற்றியதாக எழுதியிருக்கிறீர்கள். பிரித்தானிய ஈ-வீசா, அதாவது இணையத்தில் பதிவாகியிருக்கும் உங்கள் அனுமதி, இன்னும் பழைய பாஸ்போர்ட் இலக்கத்தோடு இணைந்திருக்கும், அதனால்தான் விமானக் கம்பனியின் திரையில் உங்கள் அனுமதி வரவில்லை. பி.ஆர்.பி. (முன்பு தந்த வதிவிட அனுமதி) அட்டையில் 31.12.2024 என்று இருப்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அது அட்டையின் திகதி, உங்கள் அனுமதியின் திகதி அல்ல.

1. கணக்குத் திறந்தபோது கொடுத்த ஆவண இலக்கத்தால் உள்நுழையுங்கள். புதிய இலக்கத்தை அடித்தால் திறக்காது.

2. பாதுகாப்புக் குறியீட்டை மின்னஞ்சலுக்குக் கேளுங்கள். தோட்டப்பக்கம் லண்டன் சிம்முக்கு எஸ்எம்எஸ் வருமென்று காத்திருப்பது வீண்.

3. விவரம் திருத்தும் பகுதியில் புதிய பாஸ்போர்ட்டைச் சேருங்கள். முதலெழுத்தை விரித்து எழுதியதால் புதிய பாஸ்போர்ட்டில் பெயர் மாறியிருக்கிறதா என்று அப்போதே பாருங்கள். நம்மவர்களுக்கு அடிக்கடி இடறுவது இதுதான்.

சேர்ந்ததும் ஷேர் கோட் (உங்கள் அனுமதியை மற்றவர்கள் இணையத்தில் சரிபார்க்கக் கொடுக்கும் குறியீடு) எடுங்கள், 90 நாள் செல்லும். வேலைக்கானது டபிள்யூவில் தொடங்கும், வீட்டு வாடகைக்கானது ஆரில். பயணத்துக்கு எஸ்ஸில் தொடங்குவதே வேண்டும்.

திருத்தம் உடனே ஏறாமலும் போகலாம். உறுதிப்படுத்தல் வரும்வரை கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு வான் பேசாதீர்கள், பழைய பாஸ்போர்ட்டையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.