கம்மலை அடகு வைத்த ஊக்குநருக்கு

வணக்கம். எர்ணாவூரில் 15 பேர் கொண்ட மகளிர் சுய உதவிக் குழுவைக் கூட்டி நடத்திக் கணக்கு எழுதும் ஊக்குநர் நான். பாதிப் பேர் காசிமேட்டில் மீன் எடுத்து விற்பவர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கசிவும் வந்ததிலிருந்து வியாபாரம் தேறவே இல்லை. இப்போது நாலு பேர் இரண்டு மாதமாக வங்கித் தவணை கட்டவில்லை. குழுவின் பேர் கெடக் கூடாதென்று கம்மலை அடகு வைத்து 12,000 ரூபாயை நானே கட்டினேன். இரவு எட்டு மணிக் கூட்டத்துக்கு ஏழு பேர்தான் வருகிறார்கள். பணத்தில் ஏதோ செய்துவிட்டேன் என்று பேச்சு வேறு. விலகிவிடட்டுமா?

வாசகி, எர்ணாவூர்

அன்புள்ள தங்கைக்கு,

விலகுவதைப் பிறகு பார்க்கலாம். கைக்காசு போட்டுக் கட்டுவதை இன்றோடு நிறுத்துங்கள். நல்ல மனதோடுதான் செய்தீர்கள். ஆனால் தவணை நின்ற விஷயமே மற்ற பத்துப் பேருக்குத் தெரியாமல் போய்விட்டது. அந்தப் பேச்சு கிளம்பியது அதனால்தான்.

கூட்ட நேரத்தை மாற்றுங்கள். விடியுமுன் காசிமேட்டுக்கு ஓடுகிறவர்கள் இரவு எட்டு மணிக்கு எப்படி வருவார்கள்? சாயங்காலம் நாலு மணி வையுங்கள். ஏழு பேரை வைத்துத் தீர்மானம் போட்டால் நாளைக்குச் செல்லாது என்பார்கள். பத்துப் பேராவது வேண்டும். வங்கி பாஸ்புக், கையிருப்பு, அவரவர் சேமிப்புப் புத்தகம் மூன்றையும் ஒப்பிட்டு வாசிக்கட்டும். வாசிப்பது நீங்களாக இருக்க வேண்டாம், குழுப் பிரதிநிதியிடம் கொடுங்கள். தீர்மான நோட்டில் இரண்டே வரி: 'ஊக்குநருக்குக் குழு தர வேண்டியது ரூ.12,000. நால்வர் பெயரிலும் தலா ரூ.3,000 நிலுவை.' எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும்.

அதற்கு முன்பே, துணைக்கு ஒருவரோடு அந்த நாலு பேர் வீட்டுக்கும் போய் வாருங்கள். சபையில் கேட்டால் மானத்துக்கு அஞ்சி முடியாத தொகைக்கும் தலையாட்டுவார்கள்; அடுத்த மாதம் மறுபடி நிற்கும். மாதம் 1,500 என்று கேட்காதீர்கள். மீன் கூடைக்காரிக்குக் காசு தினமும் வரும், தினமும் போகும். நாளுக்கு 50 வாங்குங்கள், 30 நாளில் அதே 1,500. முடியாதவருக்கு 25. குறையும் தொகைக்குத் தவணையை நீட்டித்துத் தரும்படி, தீர்மான நகலோடு வங்கி மேலாளரிடம் எழுதிக் கொடுங்கள். நிலுவை 90 நாளைத் தாண்டினால் வாராக்கடன் கணக்கில் போய்விடும். அதற்கு முன் போனால் பேச இடமுண்டு.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தை மறந்துவிடாதீர்கள். விசைப்படகு போகாத நாளில் ஏலத்தில் விலை ஏறும், கூடை சுருங்கும். மாசியிலிருந்தே நாளுக்குப் பத்து ரூபாய் தனியாக ஒதுக்க வையுங்கள்.

நாலு மாதம் இப்படி ஓட்டிப் பாருங்கள். இடையில் இன்னொருவருக்குக் கணக்கு எழுதப் பழக்குங்கள். அதன் பிறகும் விலகத் தோன்றினால் தாராளமாக விலகலாம். ஆனால் வசூலாகும் நிலுவையில் முதலில் கம்மலை மீட்டுவிடுங்கள். அடகு வட்டியும் குழுவுடையது என்று அதே தீர்மானத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.